உப்பு விளைக்கும் கதிரவன் ஒளியும் தரட்டும்

நெய்தல் நிலத்தின் செல்வங்கள் இரண்டு. ஒன்று மீன், மற்றொன்று உப்பு. மீனைக் கடல் தனியே தருகிறது. உப்பையோ கடலும் கதிரவனும் கூடித் தருகின்றன. உமணர் தம் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றிய வாழ்வைச் சங்க இலக்கியம் பலவிடங்களில் பதிவு செய்துள்ளது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரது கருத்து. தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றுக்கு அடுத்துத் தமிழகத்தில் உப்பு விளையும் இடமாக மரக்காணம் இன்றும் விளங்குகிறது. 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அதன் அளங்களில் ஆயிரக்கணக்கானோர் தை, மாசி தொடங்கிப் பருவமழை வரும் வரை உழைத்து வாழ்கின்றனர்.

நிலக்கரி, டீசல் முதலியவற்றைக் கைவிட்டுச் சூரிய மின்சாரத்தை ஏற்கவேண்டும் என்ற குரல் இன்று உலகெங்கும் ஒலிக்கிறது. அக்குரலை நம் கடற்கரையில் நின்று எவ்வாறு கேட்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அது எவ்விடத்தில், யாருடைய நலனுக்காக வரவேண்டும் என்பதையே நாம் சிந்திக்கவேண்டியுள்ளது.

உப்பளமே ஒரு சூரிய நிலையம்

ஒரு கிலோ உப்பு எடுப்பதற்குக் கிட்டத்தட்ட 40 லிட்டர் கடல்நீர் வற்றவேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் தேவை. ஆகவே, ஒரு கிலோ உப்பின் பின்னே 20 யூனிட்டுக்குக் குறையாத வெப்பம் நிற்கிறது. மின்கட்டணம் செலுத்தி இவ்வெப்பத்தைப் பெறவேண்டுமாயின் ஏழையின் அடுக்களையில் உப்பு இருக்குமோ? கதிரவன் கணக்குப் பாராமல் அதனை வழங்குகிறான். பாத்திகளில் நீர் வற்றி அடர்ந்து உப்பாகப் பூக்கிறது. உழைப்பாளி மரப்பலகையால் அதனை வாரிக் குவிக்கிறார்.

இத்தொழிலில் விலைகொடுத்து வாங்கும் ஆற்றல் சிறு பங்கே. கழிமுகத்து நீரையும் கிணற்று உவர்நீரையும் பாத்திகளுக்கு ஏற்றும் பம்புகளுக்கு அது செலவாகிறது. மின்சாரத்தாலோ டீசலாலோ அவை இயங்குகின்றன. வெயில் மிகுந்த நாள்களில்தான் பாத்திகளுக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படுகிறது. வெயில் மிகுந்த நாள்களில்தான் சூரியத் தகடுகளும் மிகுதியாக மின்சாரம் தருகின்றன. மழைக்காலத்தில் தகடுகளின் விளைவு குறையும். அப்போது அளத்திலும் வேலையில்லை. தேவையும் வரவும் இவ்வளவு பொருந்தும் தொழில்கள் மிகச் சிலவே எனலாம்.

கரியின் விலையைக் கொடுப்பவர் யார்?

நம் வீட்டு விளக்குக்குக் கரி எங்கிருந்து வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. நம் அண்டை மாவட்டமான கடலூரின் நெய்வேலியில் 1956 முதல் இயங்கும் நிறுவனம் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி மின்சாரம் ஆக்குகிறது. தமிழகத்தின் தொழில் வளர்ச்சிக்கு இந்நிலையங்கள் ஆற்றிய பங்கை மறுப்பது நன்றி மறத்தலாகும். எனினும், அவ்வளர்ச்சிக்கு விலை கொடுத்தோரையும் மறத்தல் தகாது. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததனால் அங்குள்ள மீனவர் இழந்ததை நாடறியும்.

அத்தகைய நிலை மரக்காணத்தின் வாயில் வரை வந்ததுண்டு. வடக்கே அண்மையிலுள்ள செய்யூரில் 4,000 மெகாவாட் திறனுடைய நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு 2013-ஆம் ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இசைவளித்தது. அப்பகுதி மீனவரும் உழவரும் அதனை எதிர்த்தனர். அந்நிலையம் எழவில்லை. எழுந்திருப்பின் வெண்ணிற உப்பு விளையும் கரையில் கரித்தூளும் சாம்பலும் என்ன செய்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

கரியின் மற்றொரு விலை கண்ணுக்குப் புலப்படாதது. கரியும் எண்ணெயும் எரிவதால் வளிமண்டலமும் கடலும் சூடேறுகின்றன. சூடேறிய கடலிலிருந்து எழும் புயல்கள் மிகுந்த மழையைக் கொட்டுகின்றன என அறிவியலார் கூறுகின்றனர். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலையும் இக்கடற்கரை மறவாது. குறிப்பிட்ட ஒரு புயலை ஒரு காரணத்தின் தலையில் சுமத்துதல் அறிவியல் நெறியன்று. ஆயினும், பருவம் தவறிப் பெய்யும் ஒரு நாள் மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும் தொழில் உப்புத்தொழில் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். வானிலை தடுமாறினால் முதலில் பட்டினி கிடப்பவர் அளத்துத் தொழிலாளியே.

கட்ச் காட்டும் வழி

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் முதலிடம் வகிப்பது குஜராத். அங்குள்ள சிறிய கட்ச் ரண் என்னும் உவர்ப்பாலையில் அகரியா எனப்படும் மக்கள் ஆண்டின் பல மாதங்கள் குடும்பத்தோடு தங்கி, நிலத்தடி உவர்நீரை இறைத்து உப்பு விளைவிக்கின்றனர். டீசல் பம்புகளை நம்பியிருந்த அம்மக்களின் வருவாயில் பெரும்பகுதியை டீசலே விழுங்கியது. 1972-இல் இலா பட் அம்மையார் நிறுவிய சேவா என்னும் பெண்தொழிலாளர் சங்கம் அவர்களிடையே சூரியப் பம்புகளைக் கொண்டுசென்றது. மாநில அரசும் அப்பம்புகளின் விலையில் 80 விழுக்காட்டை மானியமாக அளிக்கும் திட்டத்தை மேற்கொண்டது. டீசல் செலவு குறைந்த அளவுக்கு உழைத்தவர் கையில் பணம் மிஞ்சியது.

ரண் வேறு, மரக்காணம் வேறு என்பதை நாம் அறிவோம். அங்கே மின்கம்பிகள் எட்டாத பாலை. இங்கே சாலையோரம் வரை மின்சாரம் வந்துள்ளது. அங்கே விளைவிப்பவரே பம்பை இயக்குபவர். இங்கே குத்தகைதாரர் ஒருவர், கூலிக்கு உழைப்பவர் மற்றொருவர். ஆகவே, சூரியப் பம்பு வந்தால் மிச்சமாகும் பணம் குத்தகைதாரரிடமே நின்றுவிடலாம். மானியம் அளிக்கும் அரசு, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தந்தால் அப்பயன் உழைப்பவரையும் சென்றடையும். 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம் உழவரின் பாசனப் பம்புகளுக்கு உதவுகிறது. பாத்தி கட்டி நீர் பாய்ச்சும் உப்பளத் தொழிலாளிக்கும் அத்தகைய உதவி கேட்பது நியாயமான கோரிக்கையே.

எங்கே வைப்பது?

மரமற்ற சமதளம், மறைப்பற்ற வெயில், சாலை வசதி ஆகியவை பெரிய சூரியப் பூங்கா அமைப்போர் தேடும் இலக்கணங்கள். இவ்விலக்கணங்கள் அனைத்தும் உப்பளத்துக்குப் பொருந்தும். நாம் அஞ்சுவதும் இதனையே. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் நிறுவப்பட்ட 648 மெகாவாட் சூரிய நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்புடையது. அத்தகைய நிலையம் ஒன்று மரக்காணத்தில் அமையுமாயின், அளங்களின் பெரும்பகுதி தகடுகளுக்கு அடியில் மறையும். தகடுகளைத் துடைக்கவும் காக்கவும் சிலர் போதும். அளத்தை நம்பிய ஆயிரக்கணக்கானோர் எங்கே செல்வர்?

அளங்களை ஒட்டிக் கழுவெளி என்னும் பெருஞ்சதுப்பு நிலமும் உண்டு. தமிழக அரசு 2021-இல் அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் அது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பனிக்காலத்தில் நெடுந்தொலைவிலிருந்து வலசை வரும் பறவைகள் இந்நீர்ப்பரப்பை நம்பி வருகின்றன. உப்பளத்தையும் சதுப்பு நிலத்தையும் 'தரிசு' எனக் குறிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நெல் விளையாத நிலமெல்லாம் தரிசு ஆகாது. நெய்தலை ஐந்திணையுள் ஒன்றாக வைத்து மதித்த தமிழ் மரபினர் இவ்வாறு கருதுதல் பொருந்தாது.

அவ்வாறாயின் தகடுகளுக்கு இடம் எது? கூரைகளே தக்க இடம். வீடு, பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகம், உப்புக் கிடங்கு, பம்பு அறை ஆகியவற்றின் கூரைகள் எவருடைய பிழைப்பையும் பறிக்காமல் வெயிலில் காய்ந்து கிடக்கின்றன. ஒரு கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும்; நம் நாட்டு வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வகுத்துள்ளது.

பள்ளிவாசல் கூரைகள்

இங்கு நம் சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விழைகிறோம். ஜும்ஆத் தொழுகை நண்பகலில் நடைபெறுகிறது. பள்ளிவாசலின் மின்விசிறிகள் அனைத்தும் சுழலும் அவ்வேளையில், அதே பள்ளியின் கூரை மீது வெயில் உச்சத்தில் காய்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 கிலோவாட் அமைத்தால் நாளொன்றுக்கு 40 யூனிட்; ஆண்டுக்கு 14,000 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். அனல்மின் நிலையம் ஒன்று அதே மின்சாரத்தைத் தருவதற்கு ஏறத்தாழ 10 டன் நிலக்கரியை எரிக்கவேண்டும். மொராக்கோ அரசு 2016-இல் 600 பள்ளிவாசல்களைப் பசுமைப் பள்ளிவாசல்களாக்கும் திட்டத்தை அறிவித்தது. மராக்கேஷ் நகரின் பழம்பெரும் குத்துபிய்யாப் பள்ளிவாசலும் இதில் பங்கு கொண்டது.

இதற்கு மார்க்கத்தில் இடமுண்டோ என எவரேனும் வினவலாம். நம் தொழுகை நேரங்களே கதிரவனின் ஓட்டத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை. திருமறையின் 91-ஆவது அத்தியாயம் கதிரவனின் பெயரையே தாங்கியுள்ளது. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையாக நமக்கு வந்துள்ளது. பூமி நம் உடைமையன்று, அமானிதம் என நம் உலமாக்கள் போதிக்கின்றனர். பள்ளிக்குக் கிணறு வெட்டித் தந்தோரும் விளக்குக்கு எண்ணெய் வார்த்தோரும் நம் முன்னோர். ஒருவர் மறைந்த பின்னும் பயன் தொடரும் ஸதக்கத்துல் ஜாரியாவின் வரிசையில், கூரையில் ஏற்றும் சூரியத் தகடுகளையும் வைத்து எண்ணலாம் என்பது நம் கருத்து.

எழக்கூடிய ஐயங்கள்

இரவில் என்ன செய்வது என்பது முதல் ஐயம். தராவீஹ் தொழுகை இரவில்தான் நடைபெறுகிறது. சூரியத் தகடு பகலின் தேவையை நிறைவு செய்யும்; இரவுக்கு மின்வாரிய இணைப்போ மின்கலமோ வேண்டும். ஒரே நாளில் அனல்மின் நிலையங்களையெல்லாம் மூடிவிடலாம் என நாம் கூறவில்லை. பகலில் எரியும் கரியைப் பகலவனைக் கொண்டு குறைப்போம் என்றே கூறுகிறோம்.

உப்புக்காற்று இரண்டாவது ஐயம். இது மெய்யான இடர். கடற்கரைக் காற்று இரும்பை அரிக்கும். தகட்டின் மீது உப்புப் படிந்து விளைவைக் குறைக்கும். உப்புமூட்டச் சோதனையில் தேறிய தகடுகள், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள், புயலைத் தாங்கும் அடித்தளம், அடிக்கடி நன்னீரால் கழுவுதல் ஆகியவை இங்கே இன்றியமையாதவை. கவனிப்பார் இன்றி அணைந்து நிற்கும் சூரியத் தெருவிளக்குகளைக் காணாத ஊர் இல்லை. நிறுவிய நாளில் நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு பணி முடிந்துவிடுவதில்லை. ஓர் ஊருக்கு ஒருவரேனும் பழுது பார்க்கக் கற்றிருக்கவேண்டும். படித்துவிட்டு வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் நம் இளைஞர்களுக்கு இது உள்ளூரிலேயே ஒரு தொழிலாகும்.

மூன்றாவது, இதன் முதற்செலவு. தகடுகள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைப்பவை. ஆண்டுதோறும் மீளும் மின்கட்டணத்தில் செலவு திரும்பும். எனினும், கையில் முதல் இல்லாத ஏழைக்கு இக்கணக்கு பயன்படாது. ஆகவேதான் கூட்டுறவும், அரசு மானியமும், வட்டியில்லாக் கடன் வழங்கும் நம் சமுதாய அமைப்புகளும் முன்வரவேண்டும் என்கிறோம்.

நம் கடமை

மாணவச் செல்வங்கள் தத்தம் ஊரில் எத்தனைக் கூரைகள் உள்ளன, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று கணக்கெடுக்கலாம். இயற்பியல் துறையினர் கணக்கிட, தமிழ்த்துறையினர் மக்களுக்கு விளங்கும் எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டலாம். ஜமாஅத் பெரியோர்கள் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆராயலாம். அரசோ, அளத்தையும் கழுவெளியையும் தொடாமல் கூரைகளுக்கும் பம்புகளுக்கும் உதவவேண்டும்.

வெயிலில் நின்று, உப்பு நீரில் கால் வெடித்து, நம் உணவுக்குச் சுவை தரும் தொழிலாளிக்கு அதே வெயில் இன்னொரு வழியிலும் வருவாய் தரட்டும். அவரது அளத்தைப் பறிக்கும் திட்டம் எவ்வளவு தூய்மையானதாயினும் நமக்கு வேண்டா. அவரது பம்பையும் வீட்டையும் ஒளிபெறச் செய்யும் திட்டமே வேண்டும். அந்நல்வினைக்கு முதல் அடியை நம் கல்லூரிகளிலும் பள்ளிவாசல்களிலும் எடுத்து வைப்போம். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!