பின் ஸீட்டுக்காரி பேசுகிறேன்

பாத்திரக்காரரிடம் பழைய பட்டுப் புடவையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் டப்பா வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வாங்கும்வரை டப்பா பளபளவென்று இருக்கும். தெருமுனையில் அவர் சைக்கிள் மறைந்த பிறகுதான் "ஐயோ, அது அம்மா கட்டின புடவையாச்சே" என்று வயிற்றைப் பிசையும். போன வருஷம் (2025) தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டில் இதே கதை நடந்தது. போட்டது புடவை அல்ல, மாமனாரின் புல்லட்.

"மோட்டார் சைக்கிள் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. ஓட்டுகிறவர் ஒருவர்தான், குலுங்குகிறவர்கள் இரண்டு பேர். வண்டி வாங்கும்போது நம்மிடம் கேட்கப்படுவது என்னவோ "கறுப்பா, சிவப்பா?" என்ற ஒரே கேள்விதான்!

மாமனார் கிண்டி எஸ்டேட்டில் ஃபோர்மனாக இருந்தவர். 1984-ல் அந்த புல்லட் 350-ஐ வாங்கினார். திருவொற்றியூரில் செய்த வண்டி. இங்கிலாந்துக் கம்பெனியும் நம்ம மெட்ராஸ்காரர்களும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து அங்கே தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு இங்கிலாந்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். திருவொற்றியூரில் மட்டும் செய்துகொண்டே இருந்தார்கள். 1977-ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு வண்டி ஏற்றுமதியானது என்று மாமனார் சொல்லும்போது, அதை அவரே கப்பலில் ஏற்றி அனுப்பியதுபோல் முகம் மலரும். தோல் தொழிற்சாலையால் பெயர் வாங்கிய நம் குரோம்பேட்டையில், அந்த நாளில் எங்கள் தெருவிலேயே ஒரே புல்லட் அதுதானாம்.

நான் 1992-ல் கல்யாணமாகி வந்தபோது அந்த வண்டியைக் கிளப்புவதே ஒரு பூஜை. கிக்கரை மெதுவாக மிதித்து ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். லீவரை விட்டுவிட்டு அப்புறம் ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். மாமனார் போன பிறகு இவர் கைக்கு வண்டி வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் திருவண்ணாமலை, வேளாங்கண்ணி, எழுபது ஹேர்பின் வளைவு உள்ள கொல்லிமலை என்று அதில்தான் சுற்றினோம். உண்மையைச் சொல்கிறேன், எங்களுக்குள் மனம்விட்டுப் பேச்சு நடந்ததெல்லாம் அந்த ஸீட்டில்தான். வீட்டில் இவர் வாயைத் திறக்க மாட்டார். மதுராந்தகம் தாண்டினால் போதும், ஆபீஸ் கதை, கடன் கதை எல்லாம் தானாக வரும். காற்றில் பாதி கேட்காது. அதனால் சண்டையும் வராது.

ஐம்பது தாண்டியதும் இவருக்கு வலது முழங்கால் தகராறு செய்தது. கிக்கரை மிதித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். எனக்கு இடுப்பு. திண்டிவனம் போய் இறங்கினால் நேராக நிற்க ஐந்து நிமிஷம் ஆகும். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். புடவை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்தே இத்தனை வருஷம் வந்திருக்கிறேன். பிஸியோதெரபிப் பெண் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கால் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் வைத்து மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்காருவீங்களா ஆன்ட்டி?" மாட்டேன்தான். இடுப்பு முறுக்கிக்கொண்டே இருக்கிறது, பிடிமானமும் ஒரு கையில்தான். அன்றையிலிருந்து நீண்ட பயணத்துக்குச் சல்வார், இரண்டு பக்கமும் கால். ராதா நகரில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

இருந்தாலும் "இனிமேல் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். நான் அப்படிச் சொன்ன அன்று ராத்திரிதான் இவர் புது வண்டிப் பேச்சை எடுத்தார்.

இவருடைய ஆசை ஹிமாலயன் 450 மேல். மலையேறுகிற வண்டி, 40 குதிரைச் சக்தி, நம் பழசுக்குச் சுமார் 18-தான். செல்போனில் படத்தைக் காட்டிக் காட்டிக் கண் பளபளத்தது. "உட்கார்ந்து பார்க்கலாம் வாங்க" என்று நானும் ஷோரூமுக்குக் கிளம்பினேன். நான் ஏன் வருகிறேன் என்று அங்கிருந்த பையனுக்குப் புரியவில்லை.

ஹிமாலயனில் ஓட்டுகிறவர் ஸீட்டே தரையிலிருந்து 825 மில்லிமீட்டர். பின் ஸீட் அதற்கும் மேலே. ஐந்தடி ஒரு அங்குலம் உள்ள நான் ஏறியது, பரண்மேல் ஏறி அண்டா எடுப்பதுபோல்தான் இருந்தது. ஏறியாகிவிட்டது, எப்படி இறங்குவது? பக்கத்தில் நின்ற மீட்டியார் 350-ல் ஓட்டுகிறவர் ஸீட் 765. அறுபது மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசமா என்கிறீர்களா? மூட்டுவலிக்காரியைக் கேளுங்கள். முதுகுக்கு ஒரு சாய்மானமும் வைத்துக்கொள்ளலாம் என்றான் பையன். நான் அங்கேயே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு ஹிமாலயன் இன்னும் அழகாகத் தெரியும்!

எனக்குத் துணைக்கு வந்தது வரிதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சி.சி. வரை உள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டதற்கு 40 ஆக ஏறியது. மீட்டியார் 349 சி.சி., ஹிமாலயன் 452. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் காபி டம்ளருக்கு அடியில் வைத்தேன். இவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "நமக்கு எதுக்கு 40 குதிரை, இமயமலைக்கா போகப்போறோம்" என்றார், தானே கண்டுபிடித்ததுபோல.

அப்புறம் பழைய வண்டி. எக்ஸ்சேஞ்சில் அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டு இவர் முகம் கறுத்துவிட்டது. "அப்பா வண்டியை எடைக்குப் போடவா?" என்றார். வைத்துக்கொள்ள வாசலில் இடமில்லை. எஃப்.சி., இன்ஷூரன்ஸ், பசுமை வரி என்று இரண்டு வண்டிக்கும் கட்டவும் முடியாது. கடைசியில் அஸ்தினாபுரத்துப் பையன் ஒருவன் வந்தான். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்மேல் பைத்தியம். முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரே மிதியில் கிளப்பினான். அதைப் பார்த்ததும் இவர் விலையைக்கூடப் பேசவில்லை.

இங்கேதான் எங்களுக்குள் நிஜமான சண்டை. "ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறேன், அவன் சௌகரியப்படும்போது பேர் மாத்திக்கட்டும்" என்றார். நான் ஒரே பிடிவாதம். ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டையும் பூர்த்தி செய்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறிய பிறகுதான் சாவி. காரணம் இருக்கிறது. வண்டியை விற்றுவிட்டாலும், புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலு கை மாறின வண்டி. விபத்து நஷ்ட ஈடு புத்தகத்தில் பேர் இருந்தவர் தலையில் விழுந்தது. அந்தப் பையன் நல்லவன்தான். அவனிடம் வாங்கப்போகிறவனை நமக்குத் தெரியுமா? "உனக்கு எல்லாத்திலும் சந்தேகம்" என்றார். ஆமாம், சந்தேகம்தான். பதினெட்டு நாள் இழுத்தது. வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. உங்கள் வீட்டில் ஸ்கூட்டியோ மொபெட்டோ விற்றிருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் பெயர் மாறியதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸையும் வாங்குகிறவர் 14 நாளைக்குள் தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும்.

புது வண்டி வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது. கிக்கரே கிடையாது. இவர் முழங்கால் அன்றே பாதி குணம். எனக்குப் பெரிய ஆச்சரியம் உட்கார்ந்தபோது. அந்த அதிர்வு எங்கே போயிற்று? ஒற்றைப் பிஸ்டன் எஞ்சின் என்றால் ஆட்டம் இருக்கும்தானே. பழசில் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். வாஷிங் மெஷினில் ஈரப் போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால் சுற்றும்போது மெஷினே நடக்கிறதல்லவா, எதிர்ப்பக்கம் ஒரு துண்டைப் போட்டால் அடங்குகிறதல்லவா, அதே யுக்தி. புது எஞ்சினுக்குள் பாலன்ஸர் என்று ஒரு எடையை எதிர்த் திசையில் சுழல விட்டிருக்கிறார்கள். செஞ்சிவரை போய் இறங்கினேன். நேராக நின்றேன். இவர் என்னைப் பார்த்தார், நான் கோட்டையைப் பார்த்தேன்.

எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே தூக்க, மற்றது கீழே மிதிக்க. இப்போது வருகிற வண்டிகளில் எல்லாமே தலைகீழ். பிரேக் வலது, கியர் இடது, முதல் கியர் கீழே. முப்பது வருஷப் பழக்கத்தைக் காலிலிருந்து கழற்றி வைக்க முடியுமா? இரண்டாம் வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே நின்றது. இவர் இடது காலை ஓங்கி மிதித்தார். மிதித்தது கியரை! வண்டி ஒரு உதறு உதறியது. நல்லவேளை, கை தானாக முன் பிரேக்கைப் பிடித்தது. சக்கரம் வழுக்கவில்லை, அது ஏ.பி.எஸ். புண்ணியம். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதியதில் எனக்குக் காது ரீங்காரம். யார்மேலும் தப்பில்லை, காலுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து "இனி காலை ஐந்தரைக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் வருமுன், ஒரு மாசம் பழகுங்க. அதுவரை நான் ஏறமாட்டேன்" என்றேன். ஐம்பத்தெட்டு வயசு மனிதர் ஸ்கூல் பையன்போல் நிறுத்தி நிறுத்திப் பழகினார். பால்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவரோ மகனோ பழைய வண்டியிலிருந்து புதுசுக்கு மாறினால் முதல் மாதம் அவசர வேலைக்கு அனுப்பாதீர்கள்.

பொங்கலுக்குப் பெண் கோயம்புத்தூரிலிருந்து மூன்று வயசுப் பிள்ளையோடு வந்தாள். இவருக்குப் பேரனை டாங்க்மேல் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போக ஆசை. அவரை அவர் அப்பா அப்படித்தானே கூட்டிப் போனார்! அந்தக் காலத்தில் ரோட்டில் மாடும் சைக்கிளும்தான். இப்போது சட்டமே இருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து நாலு வயசுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவரோடு இணைக்கிற பெல்ட் வேண்டும். ஒன்பது மாதம் முதல் அதன் தலைக்கு ஏற்ற ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. நாலு வயசுக்கு மேல் போனால் எல்லோருக்கும் போலவே ஹெல்மெட். தாத்தா முணுமுணுத்துக்கொண்டே பெல்ட் வாங்கி வந்தார்.

பின் ஸீட்டுச் சகோதரிகளுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் சேலைத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். அழகுக்காக அதைக் கழற்றிவிடும் பிள்ளைகள் உண்டு, விடாதீர்கள். துப்பட்டாவைச் சுற்றி இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். வழியில் கழிப்பறை சரியில்லை என்று நாம் தண்ணீரே குடிக்காமல் போகிறோமே, அதுதான் பெரிய கெடுதல். வெயிலில் தண்ணீரும் இல்லாமல் அடக்கியும் வைத்தால் நீர்க்கடுப்பும் தொற்றும் வரும். மணிக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லுங்கள், வெட்கப்படாமல். மாசமாக இருக்கிற பெண்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த ஊர்சுற்றலுக்கு ஆசைப்படக்கூடாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. மாமியாருக்கு வயசு எண்பத்திரண்டு. காது மந்தம், டி.வி.யைத் தெருவுக்கே வைப்பார். ஆனால் புல்லட் சத்தம் மட்டும் பல்லாவரத்தில் வரும்போதே கேட்டுவிடும்போல் இருக்கும். "வந்துட்டான், காபியைக் கலக்கு" என்பார். நானும் அந்த டப் டப் தெருமுனையில் கேட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். புது வண்டி வந்த முதல் வாரம், இவர் வந்து, குளித்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அத்தை கொல்லைப் பக்கத்து அறையிலிருந்து, "ஏம்மா, ராத்திரி எட்டாச்சே, அவன் இன்னும் வரலையா?" என்று கேட்டார். இவர் கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தெருமுனையில் திரும்பும்போது இரண்டு ஹாரன், வாசலில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என்ன விஷயம் என்று கேட்டார். காபிக்குத்தான் என்று சொல்லிவைத்தேன்.