கூடு யாருடையது?

'விர்ச்சுவல்' என்பதற்கு நாம் ஆக்கிக்கொண்ட 'மெய்நிகர்' எனக்குப் பிடித்தமான கலைச்சொற்களுள் ஒன்று. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. மெய்நிகர் கணினிக்குத் தனி உடம்பு கிடையாது. ஆயினும் உடம்புள்ள கணினியைப் போலவே இயங்குகிறது. ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஐந்தாறு வழங்கிகள் குடித்தனம் நடத்துகின்றன. (சர்வர் என்றால் நம்மில் பலருக்கு உணவகம் நினைவுக்கு வரும், வழங்கி என்றே எழுதுகிறேன்.) ஒன்று கணக்கைப் பார்க்கிறது, ஒன்று மின்னஞ்சலை, ஒன்று கோப்புகளை. ஒவ்வொன்றும் முழுப் பெட்டியும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வழங்கியை நிறுத்தாமலே வேறு பெட்டிக்கு மாற்றவும் முடியும். சித்தர் கதைகளில் இதற்குக் கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்று பெயர்.

இலக்கிய வாசகர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு பதிப்பகத்தையோ அச்சகத்தையோ எண்ணிப் பாருங்கள். பக்க வடிவமைப்புக் கோப்புகள், விற்பனைக் கணக்கு, இருப்பு விவரம் எல்லாம் எங்கோ ஒரு பெட்டியில்தான் இருக்கின்றன. அந்தக் கூடு யாருடையது என்பது நூல்களையும் தொடுகிற கேள்வி.

இந்த உத்தியை ஐபிஎம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் செய்து பார்த்தது. அதைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தது 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர். பின்னர் அது சிறு நிறுவனங்களுக்கென்றே மூன்று பெட்டிகள் வரை பயன்படுத்தத்தக்க, மலிவான 'எசென்ஷியல்ஸ்' தொகுப்பையும் விற்றது. ஐந்து பெட்டி வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு போதும். மின்கட்டணம் குறையும், அறையின் சூடும் குறையும். ஒருமுறை காசு கொடுத்தால் உரிமம் நிரந்தரம் என்றார்கள்.

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தா என்றாயிற்று. சந்தா கணக்கிடப்படுவது செயலியின் உள்ளகங்களைக் கொண்டு. ஒரு செயலிக்குக் குறைந்தது பதினாறு. எட்டே உள்ளகங்கள் கொண்ட செயலியை வைத்திருப்பவரும் பதினாறுக்குக் கட்ட வேண்டும். ஒற்றைச் சொம்பு எடுப்பவனுக்கும் குடத்துக் கணக்கு. சிறியவர்களுக்கான எசென்ஷியல்ஸ் தொகுப்புகளும் விடைபெற்றன. 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட இலவசப் பதிப்பு 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தந்ததும் பறித்ததும் மீண்டும் தந்ததும் ஒரே கைதான்.

'நிரந்தரம்' என்ற சொல் என்னவாயிற்று என்பதே எனக்கு உறுத்தல். சட்டப்படி அது பொய்யாகவில்லை. பழைய உரிமம் உள்ளவர் தம்மிடமிருக்கும் பதிப்பை இன்றும் ஓட்டலாம். ஆனால் ஆதரவு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வழி அடைக்கப்பட்டுவிட்டது. ஒட்டுப்போடாத வழங்கி, ஓட்டை விழுந்த கூரை. முதல் மழைவரை வீடு வீடாகத்தான் இருக்கும். ஏழாம் பதிப்பின் பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. எட்டாம் பதிப்புக்கு 2027 அக்டோபர்வரை தவணை. நிரந்தரமாக நம்மிடம் இருப்பது முதுமையடையும் ஒரு பதிப்பு மட்டுமே.

பெரியவர்களுக்கு நீதிமன்றம் உண்டு. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி 2024இல் வழக்குத் தொடுத்தது, அவ்வாண்டே சமரசமாயிற்று. பத்துப் பேர் நிறுவனம் யார்மீது வழக்குத் தொடுக்கும்?

ஆகவே என் கட்சி இது: சிறு நிறுவனத்தின் அடித்தளம் கட்டற்ற மென்பொருளாக இருக்க வேண்டும். விலை ஒரு காரணம்தான். முதற்காரணம் அதன் உரிமத்தைப் பிறகு ஒருவர் திரும்பப் பெற முடியாது என்பது. 2007இல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்ட கேவிஎம் இருக்கிறது. அதன்மேல் கட்டப்பட்ட, வியன்னாவிலிருந்து 2008இல் வெளிவந்த பிராக்ஸ்மாக்ஸ் இருக்கிறது. விஎம்வேரில் வாழும் கணினிகளை நேரே இறக்கிக்கொள்ளும் வசதியை 2024இல் அதில் சேர்த்தார்கள்.

கட்டற்றதும் கைவிடாதா என்று கேட்பார்கள். கைவிட்டிருக்கிறது. எண்ணற்ற வழங்கிகளில் ஓடிய சென்ட்ஓஎஸ் எட்டாம் பதிப்பின் ஆயுளை 2021 முடிவோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆனால் மூலநிரல் வெளியில் இருந்ததால் 2021க்குள்ளேயே ஆல்மா, ராக்கி என்று இரண்டு வாரிசுகள் எழுந்தன. சிட்ரிக்ஸ் தன் இலவசப் பதிப்பின் வசதிகளைக் குறைத்தபோது 2018இல் எக்ஸ்சிபி-என்ஜி பிறந்ததும் இவ்வாறே. சுவடி ஒருவர் வீட்டுப் பரணில் மட்டும் இருப்பதற்கும் நான்கு ஊர்களில் படியெடுக்கப்பட்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

இதற்கும் செலவு உண்டு. அது உரிமத்துக்கு அன்று, ஆளுக்கு. இரவில் வழங்கி நின்றால் தொலைபேசியை எடுக்க ஒருவர் வேண்டும். கடலுக்கப்பால் செல்லும் சந்தாவில் பாதியை உள்ளூரில் லினக்ஸ் அறிந்த ஓர் இளைஞருக்கு மாதச் சம்பளமாகக் கொடுக்கலாமே என்பது என் எண்ணம். 2027 அக்டோபர்வரை காத்திராமல், அதிகம் பயன்படாத ஒரு வழங்கியை முதலில் மாற்றிப் பார்க்கலாம். அதன் நகலிலிருந்து அதை ஒருமுறை உயிர்ப்பித்தும் பார்த்த பிறகு, கணக்கு வழங்கியைத் தொடலாம்.