கராஜில் கிடந்த ஜான்சன்

மில்வாக்கிக்கு மேற்கே ஏரிப் பக்கமாக வீடு வாங்கிய நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். வீட்டை விற்றவர்கள் கராஜில் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களில் ஒரு படகு மோட்டாரும் இருந்ததாம். ஜான்சன், பத்துக் குதிரைத்திறன், மூடியில் 'சீ ஹார்ஸ்' என்று எழுத்து. "நெட்ல இதே மோட்டாருக்கு ஆயிரத்து இருநூறு டாலர் போட்டிருக்கான் சார். அந்த விலைக்குப் போகுமா?"

போகாது என்றேன். போனில் சொல்ல முடியாத காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒருவன் போட்டிருப்பதெல்லாம் விலையாகிவிடாது. மாட்டுச் சந்தையில் வாய்விட்டுச் சொல்லும் விலை வேறு, துண்டுக்கடியில் விரல் பிடித்து முடிகிற விலை வேறு. ஈபேயில் அந்தத் துண்டை விலக்கிப் பார்க்க வழி இருக்கிறது: விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். காட்டச் சொன்னால் ஆயிரத்து இருநூறுகள் மறைந்துவிடும். அந்த விலையில் நிற்பவை பெரும்பாலும் விலைபோகாமல் கிடப்பவை. அவற்றைப் பார்த்து அடுத்தவனும் ஆயிரத்து இருநூறு போடுகிறான்.

இரண்டாவது, பழசு என்பதற்காக மட்டும் யாரும் காசு கொடுப்பதில்லை, அரிதாகவும் இருக்க வேண்டும். நார்வேயிலிருந்து வந்து விஸ்கான்சினில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ல் விற்கத் தொடங்கிய மோட்டார், ஒன்றரைக் குதிரைத்திறன், ஏறக்குறைய 28 கிலோ இரும்பு. காதலி ஐஸ்கிரீம் கேட்டாளாம், ஏரியின் குறுக்கே துடுப்புப் போட்டு வாங்கி வருவதற்குள் உருகிவிட்டதாம், அதனால் மோட்டார் பிறந்ததாம். கதை நன்றாக இருக்கிறது. அந்தக் காதலிதான் பிறகு மனைவியாகி, கணக்கையும் விளம்பரத்தையும் கவனித்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார் என்பது அதைவிட நல்ல கதை. அது கதையல்ல, உண்மை. அந்தக் காலத்து எவின்ரூட், சுழல்சக்கரத்தின் மேலிருக்கும் குமிழைப் பிடித்துச் சுற்றி, விரல் முட்டி பெயர்ந்துபோகும் ஆபத்தோடு கிளப்ப வேண்டிய மோட்டார், கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கேட்ட விலை கொடுப்பார்கள்.

நண்பருடையது அந்த வகை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் சம்பளம் கூடியது, ஏரிக்கரையில் குடிசை போட்டு மீன் பிடிக்கப் போகும் பழக்கம் பெருகியது. ஜான்சனும் எவின்ரூட்டும் (1936 முதல் இரண்டும் ஒரே கம்பெனிதான்) லட்சக்கணக்கில் மோட்டார்களைச் செய்து தள்ளின. ஊருக்கு ஊர் கராஜில் அவை கிடக்கின்றன. அதனால் விலை ஏறுவதில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் அவற்றுக்கு இன்னும் உதிரிபாகம் கிடைக்கிறது. பற்றவைப்புக்கான காயில் ஒன்றே அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றுக்கும் பொருந்தும். சமையல் பாத்திரம் செய்த வெஸ்ட் பெண்ட் கம்பெனி சியர்ஸ் கடைக்காகச் செய்து கொடுத்த எல்ஜின் மோட்டார்களும் பழசுதான். அவற்றுக்குப் பாகம் தேடுபவன் படும் பாட்டைப் பார்த்தவர்கள் பாதி விலைகூடத் தர யோசிப்பார்கள்.

எந்த வருடத்து மோட்டார் என்பதை வண்ணத்தை வைத்துச் சொல்லக் கூடாது, மூடியை யாராவது மாற்றியிருப்பார்கள். மாடல் எண் உள்ள தகட்டைப் பார்க்க வேண்டும். ஜான்சனின் பத்துக் குதிரைத்திறன் வரிசை கியூடி-10 என்று 1949-ல் தொடங்கியது. பின்னால் வரும் எண் கூடக் கூட வருடமும் கூடும். 1980-க்குப் பிறகு வந்தவற்றில் இதே கம்பெனி ஒரு சங்கேதம் வைத்தது. ஆங்கிலத்தில் 'இன்ட்ரொட்யூசஸ்' என்று எழுதிப் பாருங்கள்: பத்து எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. முதல் எழுத்து 1, அடுத்தது 2, இப்படிப் போய்க் கடைசி எழுத்து 0. மாடல் எண்ணில் சி, ஓ என்று இரண்டு எழுத்து வந்தால் 85, அதாவது 1985. கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இனி உடம்பைப் பார்க்க வேண்டும். விலை இங்கேதான் முடிவாகிறது. சுழல்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினால் சுற்றுகிறதா, இறுகிக் கிடக்கிறதா? பிளக்கைக் கழற்றி இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். எண் என்னவாக இருந்தாலும் இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. தீப்பொறி வரவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை, 1950களின் காயில்கள் வெடித்துப்போவது வழக்கம், புதிது போட்டால் ஆயிற்று. கார்ப்பரேட்டருக்குள் தக்கையால் ஆன மிதவை இருக்கும். அதன் மேல் பூசிய அரக்கை இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்துவிடும். அதுவும் சின்ன வேலைதான்.

பயப்பட வேண்டியது கீழே. பல்சக்கரப் பெட்டியின் அடித் திருகைத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் வந்தால் நல்லது. பால் போல வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெறும் தண்ணீரே வந்தால், விஸ்கான்சின் குளிரில் அது உறைந்து விரிந்து பெட்டியைப் பிளந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். பிளந்திருந்தால் மோட்டார் உதிரிபாக விலைக்குத்தான். கிளப்பிப் பார்க்கும் ஆசை வந்தால் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மாட்டிவிட்டுக் கிளப்புங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம் கருகிவிடும்.

நம் ஊர்க் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். அங்கே இன்ஜின் நாள் தவறாமல் ஓடி, உப்பில் அரித்து, கடைசியில் காயலான் கடைக்குப் போகும். ஏழு பத்தாண்டு கராஜில் தூங்க அதற்கு விதியில்லை. இந்தப் பக்கத்து ஏரிகள் நன்னீர், அதனால்தான் இவ்வளவு மோட்டார்கள் மிஞ்சியிருக்கின்றன. கடலில் ஓடியது என்று தெரிந்தாலே வாங்குபவர் விலையை அடித்துப் பேசுவார், திருகுகள் கழலாது.

பெட்ரோல் டாங்க் இருக்கிறதா என்று நண்பரிடம் கேட்டேன். "சிவப்பா ஒண்ணு இருக்கு சார், ரெட்டைக் குழாயோட. துருப்பிடிச்ச மாதிரி இருந்துச்சா, குப்பைக்கு எடுத்து வச்சுட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. அந்தக் கால ஜான்சனில் எரிபொருள் பம்பு கிடையாது. மோட்டாரே ஒரு குழாய் வழியாக டாங்குக்குள் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தில் இன்னொரு குழாய் வழியாகப் பெட்ரோலை வாங்கிக்கொள்ளும். பம்பு வைத்து மாற்றிய மோட்டார் ஓடும். ஆனால் அசல் டாங்க் அசல் குழாயோடு இருந்தால் வாங்க வருபவர் முகமே வேறு. மோட்டார் இறுகிக் கிடந்தாலும் டாங்க் தனியாக விலைபோகும்.

வாங்குபவர் இரண்டு ரகம். ஒருவர் சேகரிப்பாளர், 1965-ல் தொடங்கிய பழைய அவுட்போர்டு மோட்டார் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் உறுப்பினர்கள் ஏரிக்கரையில் கூடி ஓட்டிக்காட்டுவார்கள், மாற்றிக்கொள்வார்கள். அவருக்கு அசல் வண்ணம், அசல் எழுத்து வேண்டும், மங்கியிருந்தாலும் சரி. அதன் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொண்டுபோனால் பாதி விலை போய்விடும். இன்னொருவர் மீன் பிடிக்கிறவர். அவருக்குக் கிளம்பினால் போதும். ஆனால் அவர் கணக்குப் போடுவார்: பெட்ரோல் 24 பங்குக்கு ஒரு பங்கு எண்ணெய், புகை, கையால் கயிறு இழுக்கும் வேலை. அந்த நாளில் குதிரைத்திறனை இன்ஜின் தண்டிலேயே அளந்தார்கள். 1980களின் நடுவில்தான் புரொப்பெல்லர் தண்டில் அளக்கும் வழக்கம் வந்தது. ஆகவே பழைய பத்து இன்றைய பத்து இல்லை. டாஹோ ஏரி போன்ற சில இடங்களில் கார்ப்பரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை 1999-லிருந்தே விடுவதில்லை.

நண்பரின் மோட்டார் சுற்றுகிறது, கீழே எண்ணெய் சுத்தம், டாங்க் குப்பையிலிருந்து மீண்டுவிட்டது. இப்படியே விற்றால் நூறிலிருந்து நூற்றைம்பது டாலர். காயிலும் ரப்பர் சக்கரமும் மாற்றி, வாங்குபவர் கண் முன்னால் டிரம்மில் ஓட்டிக்காட்டினால் முந்நூற்றைம்பது கேட்கலாம். பாகத்துக்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்த்தால் லாபம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இது என் மதிப்பீடு. ஏரிக்கு ஏரி கொஞ்சம் ஏறும் இறங்கும். ஏரி உறைந்து கிடக்கும் ஜனவரியில் விற்க நினைப்பவருக்கு இறங்கத்தான் செய்யும்.

இந்த ஊரில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1950களில் கே அண்ட் ஓ என்ற கம்பெனி ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி மோட்டார்களை அச்சு அசலாகப் பொம்மையாகச் செய்து விற்றது, கையளவு, பேட்டரியில் ஓடும். அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் நிஜ மோட்டாரைவிட அதிக விலைக்குப் போவதுண்டு. கராஜை ஒழிப்பதற்கு முன் பரணில் ஒரு பார்வை பாருங்கள்.