பல் டாக்டரின் ஊசியும் மார்பகப் புற்றுநோயும்

பல் பிடுங்கப் போயிருக்கிறீர்களா? ஈறில் சுருக்கென்று ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் கன்னம் தடித்த மாதிரி, உதடு நம்முடையதே இல்லாத மாதிரி ஆகிவிடும். அப்புறம் டாக்டர் குறடை வைத்து ஆட்டினாலும் வலி தெரியாது. பெரும்பாலும் அந்த ஊசியில் இருப்பது லிடோகெயின் என்ற மருந்து. சைலோகெயின் என்று சொன்னால் நிறைய பேருக்குத் தெரியும். சுவீடன் நாட்டில் 1943-ல் தயாரிக்கப்பட்டது. எண்பது வயதைத் தாண்டிய மருந்து. விலையும் மலிவு.

'சரிங்க, இதுக்கும் கான்சருக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? சம்பந்தம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செல்லுக்கும் மடை உண்டு

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி, வயலுக்கு வரப்பு மாதிரி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. வரப்பில் மடை இருப்பது போல, இந்தச் சவ்விலும் நுண்ணிய மடைகள் உண்டு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றின் மின்னூட்டம் பெற்ற அணுக்களை அயனிகள் என்கிறோம். அவை போக வர இருக்கும் இந்த மடைகளுக்கு அயனி வாய்க்கால்கள் என்று பெயர். சோடியத்துக்குத் தனி மடை, பொட்டாசியத்துக்குத் தனி மடை. திறந்தால் ஒரே விநாடியில் லட்சக்கணக்கான அயனிகள் பாய்ந்துவிடும்!

பல் வலிக்கிற செய்தி மூளைக்குப் போவது எப்படி? நரம்பில் உள்ள சோடியம் மடைகள் வரிசையாகத் திறப்பதால்தான். லிடோகெயின் அந்த மடையை அடைத்துவிடுகிறது. செய்தி போகாது. வலியும் தெரியாது. ஒற்றை மடையில் பாயும் மின்சாரத்தைக்கூட அளக்க வழி கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானிகள் எர்வின் நேயர், பெர்ட் சக்மன் இருவருக்கும் 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய் செல்லில் இந்த மடைக்கு என்ன வேலை?

லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த முஸ்தஃபா ஜம்கோஸ் குழுவினர் 1995-ல் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். எலியின் புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் வேகமாகப் பரவும் வகை ஒன்று, அதிகம் பரவாத வகை ஒன்று. வேகமாகப் பரவும் செல்லில் சோடியம் மடைகள் வேலை செய்தன. பரவாத செல்லில் அவை தென்படவில்லை. மடையை அடைத்தபோது, பரவுகிற வகை செல்கள் ஊடுருவுவது குறைந்தது. பின்னாளில் மார்பகப் புற்றுநோய் செல்களிலும் இதே மாதிரி மடைகளைப் பார்த்தார்கள். சோடியம் உள்ளே புகப் புக, செல்லுக்கு வெளியே அமிலத்தன்மை கூடுகிறது. அது பக்கத்துத் திசுவை அரிக்க உதவுகிறது. அரித்த வழியில் புற்று நகர்கிறது.

கட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அது பரவுவதுதான். அதனால் இது சோதனைக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாத செய்தி.

மும்பையில் நடந்தது

நிற்கவும் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில், இந்தியாவிலேயே 11 மையங்களில் ஒரு ஆய்வு நடந்தது. 2011 டிசம்பரில் தொடங்கி 2022 ஜனவரி வரை, ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள 1,600 பெண்களைச் சேர்த்தார்கள். கீமோதெரபி எதுவும் இல்லாமல், முதலிலேயே ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இவர்கள்.

பாதிப் பேருக்கு வழக்கமான ஆபரேஷன். மீதிப் பேருக்கும் அதே ஆபரேஷன்தான். ஆனால், கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் லிடோகெயின் ஊசி. அவ்வளவே வித்தியாசம்!

ஐந்து வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ஊசி போடாத பிரிவில் 82.6 சதவீதம். போட்ட பிரிவில் 86.6 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தார்கள். 2023-ல் முடிவுகள் மருத்துவ இதழில் வெளியாயின. 'நூற்றுக்கு நாலு பேர்தானே' என்று நினைக்காதீர்கள். அந்த நாலு பேரில் ஒருவர் உங்கள் அக்காவாக இருந்தால்?

மறு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போடாத பிரிவினருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசிகூடப் போடவில்லை. யாருக்கு ஊசி போட்டது என்பது டாக்டர்களுக்குத் தெரியும். பலன் கிடைத்தது சோடியம் மடையை அடைத்ததால்தானா, வேறு காரணமா என்பதையும் இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. வேறு நாடுகளிலும் செய்து பார்த்தால்தான் முழு நம்பிக்கை வரும் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் என் கருத்து இதுதான். லட்சக்கணக்கில் செலவாகும் ஒரு புது மருந்து இதே நாலு சதவீதத்தைக் கொடுத்திருந்தால், அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்ல ஆள் இருந்திருப்பார்கள். இந்தப் பழைய மருந்துக்குக் காப்புரிமை இல்லை. விற்று லாபம் பார்க்க ஆள் இல்லை. அதனால் எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. இந்த ஆய்வை நடத்திய டாடா மருத்துவமனை மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இருப்பது. பொதுப் பணத்தில் நடக்கும் இடங்கள்தான் இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்க முடியும். மலிவான பழைய மருந்துகளைச் சோதித்துப் பார்க்க அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பகக் கட்டிக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தால், சர்ஜனிடம் முன்கூட்டியே கேளுங்கள். "டாக்டர், கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஊசி போடுவது பற்றிப் படித்தோம். எங்கம்மாவுக்கு அது சரிப்படுமா?" என்று கேட்டால் போதும். ஆபரேஷன் அன்று காலையில் கேட்காதீர்கள். முதல் ஆலோசனையிலேயே கேளுங்கள். இதய நோய் இருந்தாலோ, மரத்துப்போகிற ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். ஏனென்றால் இதயம் சீராகத் துடிப்பதும் இதே சோடியம் மடைகளால்தான். அளவு மீறினால் ஆபத்து. எடைக்குத் தகுந்த அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பே கீமோதெரபி கொடுக்கப்பட்டவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று. மருந்துக் கடையில் கிடைக்கும் சைலோகெயின் ஜெல்லை வாங்கி மார்பில் தடவினால் கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ எதற்கும் இந்த ஊசி மாற்று இல்லை. கூடச் சேருகிற ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான்.

டாக்டர் 'வேண்டாம்' என்றால் காரணம் கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். 'எனக்கு இது தெரியாதே' என்று சொன்னாலும் தப்பில்லை. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி மரியாதையாகக் கேட்கலாம். புடவை எடுக்கப் போனால் கடைக்காரரிடம் பத்துக் கேள்வி கேட்கிறோம். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் ஒரு கேள்வி கேட்பதற்கு என்ன கூச்சம்?