பாதி வரியை நம்பி விதைக்காதீர்கள்

சீன மொழியில் ‘துவான் ஜாங் சூ யீ’ என்றொரு சொல்வழக்கு உண்டு. பாட்டில் ஒரு துண்டை வெட்டி, வேண்டிய பொருளை எடுத்துக்கொள்வது என்று அர்த்தம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இது குற்றமே இல்லை. தூதர்கள் அரசவையில் பழம்பாடலின் ஒரு பகுதியைப் பாடித்தான் தங்கள் எண்ணத்தைச் சொன்னார்கள். கேட்பவருக்கும் முழுப்பாட்டு தெரியும், யாரும் ஏமாறவில்லை. முழுசும் தெரியாதவரிடம் துண்டை மட்டும் நீட்டும்போதுதான் அது மோசடியாகிறது. இன்று சீனாவில் அது கண்டனச் சொல்.

மென்சியஸ் சொன்ன உழவன் கதையையே பாருங்கள். நாற்று சீக்கிரம் வளரட்டும் என்று ஒவ்வொன்றையும் மேலே இழுத்துவிட்டான், எல்லாம் காய்ந்துபோச்சு. நம் கூட்டங்களில் இதைச் சொன்னால், “பாத்தீங்களா, இயற்கையில கை வைக்கக் கூடாது” என்பார்கள். ஆனால் மென்சியஸ் அங்கே நிறுத்தவில்லை. பயனில்லை என்று பயிரைக் கைவிடுபவன் களையெடுக்காத உழவன் என்று அவனையும் சேர்த்தே சாடுகிறார். பின்பாதியை வெட்டினால் கதையே தலைகீழ்!

ஃபுகோகாவுக்கும் இதே கதிதான். 1975இல் வந்த ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யிலிருந்து “ஒண்ணும் செய்ய வேணாம்” என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் விட்டதில் மரங்கள் பட்டுப்போனதையும் அவரே எழுதியிருக்கிறார். கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்பதுதான் அவர் கற்ற பாடம். வைக்கோல் பரப்பினார், மூடுபயிர் விதைத்தார், நேரம் பார்த்துத் தண்ணீர் கட்டினார். இதெல்லாம் வேலையில்லையா?

வங்கியில் இருந்தபோது தினமும் பார்த்தது இது. “பயிர்க்கடனுக்கு 4 சதவீத வட்டி” என்பது ஊரெல்லாம் பரவும். வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால்தான் 3 சதவீதம் கழிவு என்ற மீதி வரி பரவாது. கெடு தாண்டிய பிறகுதான் விவசாயிக்கு அது தெரியவரும்.

உரக் கம்பெனிக்காரர்கள் ஆய்வறிக்கையில் பாதியை வெட்டி விளம்பரம் செய்தால் கண்டிக்கிறோம். சரி. நாமும் அதையே செய்யலாமா? சேமிப்பையெல்லாம் போட்டு நிலத்துக்கு வரும் இளைஞர், நாம் கொடுத்த பாதி வரியை நம்பி ஒரு போகத்தை இழந்தால் திரும்ப வரமாட்டார்.

ஒரு கரைசலோ, ஒரு முறையோ, யார் சொன்னாலும் கேளுங்கள்: எந்த மண், எவ்வளவு தண்ணீர், எத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த விளைச்சல்? சொல்பவர்களும் விளைந்ததோடு நிறுத்தாமல், பொய்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.