அம்மாவின் சேலையில் ஒரு பை



சிறுமியாக இருந்தபோது, அம்மா பழைய சேலையில் தைத்துத் தந்த பையை டவுனுக்கு எடுத்துப் போக வெட்கப்பட்டு, சுருட்டி மறைத்திருக்கிறேன். பால்மரம் வெட்டிக் களைத்த கை, இரவில் கண்விழித்துத் தைத்த பை அது. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் என்னைக் குத்துகிறது.

பினாங்கில் 2011இல் இலவச பிளாஸ்டிக் பை நின்றது. சிலாங்கூரில் 2017இல் பை ஒன்றுக்கு 20 காசு வந்தது. அம்மா அதற்கெல்லாம் முன்பே கணக்குத் தெரிந்தவர்!

நீங்களும் தைக்கலாம். பருத்திச் சேலை நைவது பெரும்பாலும் இடுப்பிலும் கால் உரசும் கீழ்க்கரையிலும்தான். முந்தானை நன்றாகவே இருக்கும். அதில் ஒரு முழ அகலம், இரண்டு முழ நீளம் வெட்டி இரண்டாக மடித்து, பக்கங்களை இருமுறை தையுங்கள். துணி மெல்லியதென்றால் இரட்டையாகப் போடுங்கள். மேல்கரையே கைப்பிடி. அது சேருமிடத்தில் பெருக்கல் குறிபோலத் தைத்தால் அரிசியும் தாங்கும். மீதியில் மகளுக்குப் பாவாடை.

பாலியெஸ்டர் சேலை மண்ணில் எளிதில் மக்காது. லயத்துக்குப் பின்னால் போட்டு எரிக்காதீர்கள்; பின்னி மிதியடியாக்குங்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: நிறம் பார்த்து, கரை பொருத்தி, அழகாகத் தையுங்கள். அழகில்லாததைப் பிள்ளைகள் சுமக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் என் வகுப்பில் ஒரு சிறுமி தன் துணிப்பையை மேசைக்கடியில் ஒளித்தாள். மறுநாள் என் சேலைப் பையோடு போனேன்.

“டீச்சர், எங்கே வாங்கினீங்க?”

“எங்கம்மா கட்டிய சேலை, கண்ணு.”

மெல்ல, அவள் பையும் மேசைமேல் வந்தது.