சருகுக்கு ஏன் சண்டை?

தை மாதம் பாதி கழிந்ததும் பெங்களூரில் இலை உதிரத் தொடங்கிவிடுகிறது. வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சியும் பங்குனி வரை கொட்டித் தீர்க்கின்றன. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று நம்மவர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் இந்த மாதங்கள் இன்னொன்றுக்கும் பருவமாகிவிட்டன. அடுத்த வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டை போடும் பருவம் அது.

காலை ஆறு மணிக்கே அது தொடங்கிவிடும். ஒரு வீட்டு அம்மாள் வாசல் பெருக்கி, நீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டு உள்ளே போகிறார். பக்கத்து வீட்டு அம்மாள் தம் வாசலைப் பெருக்குகிறார். சருகு முழுவதும் நாலடி நகர்ந்து கோலத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறது. ‘மரம் உங்கள் வீட்டுக்கு நேரேதானே இருக்கிறது!’ என்பது ஒரு கட்சி. ‘மரம் கார்ப்பரேஷனுடையது, இலை காற்றில் வந்தது’ என்பது எதிர்க்கட்சி. மாடியில் குடியிருப்பவருக்கு இந்த வழக்கே கிடையாது. கீழே விழுந்தது கீழ்வீட்டுக்காரருக்கு என்று அவர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்.

இலையின் பெயரால் நடந்தாலும் இது வேலையைப் பற்றிய சண்டை. ஏழரை மணிக்கு பஸ் பிடித்து கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு, அடுத்தவர் தள்ளிவிட்ட குப்பையை மறுபடி குனிந்து பெருக நேரம் ஏது? நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் பெரியவருக்கோ இடுப்பு வலி. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை ஓய்வதில்லை.

வாசலுக்கு வாசல் மரம் நிற்பது தற்செயல் அல்ல. இது லால்பாக்கும் கப்பன் பூங்காவும் உள்ள ஊர். போதாததற்கு 1980களில் எஸ்.ஜி.நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி, நகரம் முழுவதும் லட்சக்கணக்கான கன்றுகளை நடச் செய்தார். வீட்டு வாசல்களில் வைத்த கன்றுகளைக் காப்பாற்ற அந்தந்த வீட்டாரையே துணைக்கு அழைத்தார். அன்று குடத்தில் தண்ணீர் ஊற்றியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று அந்த மரத்தின் சருகை எதிர்வீட்டுப் பக்கம் தள்ளுகிறார்கள்! சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்த மட்டும் எல்லோருக்கும் அந்த மரத்து நிழல் வேண்டும்.

இதில் நமக்குப் பெருங்கவலை தருவது வேறொன்று. சண்டை மூன்றாவது வாக்கியத்திலேயே இலையை விட்டுவிடுகிறது. ‘எங்கிருந்தோ வந்தவர்கள்’ என்று அவர் சொல்ல, ‘மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம்’ என்று நம்மவர் பதில் சொல்ல, துடைப்பம் வைத்திருந்த கைகளில் மொழிக் கொடி ஏறிவிடுகிறது. 1809இல் கன்டோன்மென்ட் ஏற்பட்ட நாள்தொட்டுத் தமிழர் குடியிருந்துவரும் ஊர் இது என்பது உண்மை. ஆனால் அந்தச் சரித்திரத்தை ஒரு கூடைச் சருகுக்காக எடுத்து வீசலாமா? காவிரிப் பிரச்சினையை ஒட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் நடந்தவற்றை நாம் மறந்துவிடவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் நாம் முதலில் தட்டக்கூடிய கதவு பக்கத்து வீட்டுக் கதவுதான். அதை ஆண்டு முழுவதும் திறக்கக்கூடியதாக வைத்துக்கொள்வது நம் கையிலும் இருக்கிறது.

நம்மவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேரில் பேசாமல், பெருக்கிக்கொண்டே தமிழில் திட்டுவது! எதிரே நிற்பவருக்குப் புரியாது என்று நினைப்பு. இந்த ஊரில் அரைகுறையாகவாவது தமிழ் புரியாத பக்கத்து வீட்டுக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதைவிட, தெரிந்த கன்னடத்தில், ‘அக்கா, ஸ்வல்ப நோடி’ என்று நேராகக் கேட்பது எவ்வளவோ மேல். அக்கா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றே. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்பதையே ஊர் வழக்கமாக்கிக்கொண்டவர்கள், மரியாதையாகக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதில்லை.

சண்டைக்குப் பயந்து சிலர் கண்டுபிடித்திருக்கும் வழிகள் சண்டையைவிட மோசமானவை. முதலாவது, யாரும் பார்க்காத நேரத்தில் சருகை மோரியில் தள்ளுவது. மாசியில் தள்ளிய சருகு மோரி வாயில் மண்ணோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. கோடை மழை அடித்ததும் தண்ணீர் போக இடமின்றித் தெருவின் பள்ளத்தில் உள்ள வீடுகளுக்குள் நுழைகிறது. அந்தப் பள்ளத்து வீடுகளில் வாடகை குறைவு. ஆகவே அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற தொழிலாளர்களே. மேட்டுத் தெருவில் தள்ளிய சருகு அவர்களுடைய அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும் நனைக்கிறது.

இரண்டாவது, கொளுத்துவது. குப்பை வண்டி வராத இடங்களில் துப்புரவுப் பணியாளர்களே சில சமயம் தீ வைத்துவிடுகிறார்கள் என்பதையும் பார்க்கிறோம். சருகுக் குவியல் கொழுந்துவிட்டு எரிவதில்லை. அடியில் ஈரத்தோடு மணிக்கணக்கில் புகைகிறது. இடையில் சிக்கிய பால் கவரும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து கருகுகின்றன. மூச்சிழைப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் இல்லை. திறந்த வெளியில் குப்பை எரிப்பவருக்கு ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. அன்றாடக் கூலிக்காரருக்கு ஐயாயிரம் என்பது பல நாள் உழைப்பு. ஒரு தீக்குச்சியில் அது போய்விடும்.

மூன்றாவது, மரத்தையே ஒழிப்பது. கிளையைக் கழிக்கிறேன் என்று தொடங்கி மொட்டையடிப்பவர்களும், இரவோடு இரவாக வேரில் அமிலம் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். சில வகைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாக நம் சொந்த வளவில் உள்ள மரத்தைக் கூட மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்ட முடியாது. பட்டுப்போன கிளை கூரைமேல் சாய்ந்திருந்தால் அவருக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் வழி. எழுதத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவர் இந்த உதவியைச் செய்யலாம்.

‘சருகை உரமாக்குங்கள்’ என்று எல்லோரும் உபதேசிக்கிறார்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்வது கேலியாகத்தான் இருக்கும். ஆனால் மொட்டை மாடியிலோ வளவின் மூலையிலோ இரண்டு சாக்கு வைக்க ஓனர் இடம் விட்டால் காரியம் எளிது. ஓட்டை போட்ட சாக்கில் சருகை அமுக்கி, சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து, ஈரம் காயாமல் நிழலில் வைத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் அரை வருஷத்தில் பெரும்பாலும் மக்கிவிடும். புங்க இலையை விட வாதுமை இலை போன்ற தடித்த இலைகளுக்கு நாள் கூடும். இடமே இல்லாதவர்கள், சிமெண்ட் பூசி அடைத்துவிடாத மரமாக இருந்தால், அதன் அடியிலேயே சருகைப் பரப்பிவிடலாம். வேருக்கு ஈரம் நிற்கும். யார் வாசலுக்கும் அது போவதில்லை.

பெருக்கும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது அதைவிட முக்கியம். மாடிக் குடித்தனத்துக்கு ஒரு வாரம், கீழ்க் குடித்தனத்துக்கு ஒரு வாரம். சீக்கிரம் வேலைக்குப் போகிறவர் பெருக்குவதற்குப் பதில் மாலையில் சாக்கைக் கட்டி வைக்கலாம். பக்கத்து வீட்டாரோடு ஒரு நேரம் பேசிக்கொண்டு, இருவரும் பெருக்கி முடித்த பிறகு கோலம் போட்டால் பாதிச் சண்டை பிறக்காமலே போகும்.

மாநகராட்சி நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. இலையுதிரும் மாதங்களில் வாரம் இரண்டு நாள், முன்கூட்டி அறிவித்த நேரத்தில், சருகுக்கென்றே தனி வண்டி வர வேண்டும். அப்போது கொளுத்துவதற்கும் மோரியில் தள்ளுவதற்கும் சாக்கு இருக்காது. வண்டி வராத தெருக்காரர்கள், தமிழர் கன்னடர் என்று பாராமல் ஒரே மனுவில் கையெழுத்திட்டு வார்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து மாத வாடகையை முன்பணமாக எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளி அதிகம் வரக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடுகிறார்கள். பொது வாசலையும் வளவையும் பெருக்குவது யார் பொறுப்பு, அதற்கு ஆள் வைத்தால் கூலியை யார் தருவது என்று மட்டும் ஒரு வரி எழுதுவதில்லை. குடித்தனக்காரர்கள் அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து, புதுப் பத்திரத்தோடு வாடகையை உயர்த்த ஓனர் வரும் நாளே அதற்கு ஏற்ற நாள்.